நியூஃபவுண்ட்லாந்துத் தீவு: வந்து இறங்கியவர்களின் பட்டியல்தான் அதன் வரலாறா?

வல்லிபுரத்தான் (ஸ்காபரோ) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1986 ஆகஸ்ட் 11ஆம் நாள் நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில், செயின்ட் ஷாட்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பாலுள்ள கடலில், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் கண்டு மீட்டதை இங்குள்ள பலர் அறிவீர்கள். அவர்களில் என் தாய்மாமாவும் ஒருவர். அன்று அவர்களை முதலில் சென்றடைந்த மீன்பிடிப் படகின் தலைவர் கஸ் டால்டன் என்பவரின் பெயரை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள்.

மாமாவுக்கு இப்போது அறுபத்தைந்து வயது கடந்துவிட்டது. மீட்கப்பட்டவர்களை செயின்ட் ஜான்ஸ் நகருக்குக் கொண்டுபோய் மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்தார்கள். பின்னர் அவர்களில் பெரும்பாலோர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தார்கள். ஆகையால் செயின்ட் ஷாட்ஸ் கரையை மாமா ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. "பனிக்குள்ளே கரை எந்தப் பக்கம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கரையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்று இந்த ஆண்டு அவரே கேட்டார். ஜூலை மாதத்தில் ஒன்பது நாட்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் கதையை மட்டும் தேடிப் போய்த் திரும்புவது சரியல்ல என்று எனக்குப் படுகிறது. அந்தத் தீவுக்கு வைக்கிங்குகள் வந்தார்கள், காபட் என்ற கடலோடி வந்தார், ஆங்கிலேயர் வந்தார்கள், ஐரிஷ்காரர் வந்தார்கள், பின்னர் நாங்கள் வந்தோம் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். அறிந்தவர்கள் எழுதினால் மாமாவுக்கும் படித்துக் காட்டுவேன். ஒன்பது நாட்களில் வடமுனையிலுள்ள வைக்கிங் குடியிருப்பையும் பார்த்துவிட முடியுமா?

அவலான்வாசி (செயின்ட் ஜான்ஸ்) எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் இங்கே பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தீவு என்று எண்ணி வருகிற பலர் தூரத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஏறக்குறைய 1,09,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நிலம் இது. இலங்கையைப் போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். செயின்ட் ஜான்ஸிலிருந்து வடமுனையிலுள்ள லான்ஸ் ஓ மெடோஸ் என்ற வைக்கிங் இடத்துக்குச் சாலைவழி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நாள் சாய்ந்தபின் வண்டி ஓட்டாதீர்கள். 1904ஆம் ஆண்டு நியூ பிரன்சுவிக்கிலிருந்து கொண்டுவந்து விட்ட நான்கே நான்கு மூஸ் மான்களின் வழிவந்தவை இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் பெருகியிருக்கின்றன. அந்தி நேரத்தில் அவை நெடுஞ்சாலையில் வந்து நிற்கும்.

இந்த ஊர்க்காரர்கள் தங்கள் தீவைப் "பாறை" என்றே அழைக்கிறார்கள். அது மிகையில்லை. பனியாறுகள் மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்க் கடலில் தள்ளிவிட்டதால், பல இடங்களில் ஒரு சாண் ஆழம்கூடத் தோண்ட முடியாது. சாலைபோடும்போது ஓரத்தில் கொட்டப்பட்ட மண்மேட்டில், வீட்டிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, உருளைக்கிழங்குத் தோட்டம் போட்டிருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். கடிகாரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். ரொறன்ரோவைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அந்த அரைமணிக் கணக்கு, இது தனி நாடாக இருந்த காலத்தின் மிச்சம். இங்குள்ளவர்கள் அதை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.

மூடுபனியைப் பற்றி மாமாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் காரணத்தைச் சொல்கிறேன். வடக்கிலிருந்து பனிக்கட்டிகளைச் சுமந்து வருகிற லாப்ரடோர் நீரோட்டமும், தெற்கிலிருந்து வருகிற வெப்பமான வளைகுடா நீரோட்டமும் இந்தத் தீவின் தென்கிழக்கே, கிராண்ட் பேங்க்ஸ் என்ற கடல்மேட்டின்மீது ஒன்றையொன்று நெருங்குகின்றன. வெப்பக்காற்று குளிர்நீரின்மேல் வரும்போது பனிமூட்டம் எழுகிறது. அந்தக் கடல்மேட்டில்தான் உலகம் முழுவதும் பேர்பெற்ற மீன்வளமும் இருந்தது. கிரீன்லாந்திலிருந்து உடைந்து வரும் பனிமலைகள் வசந்தகாலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் இந்தக் கரையோரமாகவே தெற்கே போகும். ஜூலை முற்பகுதியில் வந்தால் ஒன்றிரண்டைக் காணக் கிடைக்கலாம்.

கருங்கல் (சேலம்) எழுதியது:

நான் புவியியல் கற்பிக்கிறவள். வடமுனைக்கும் மேற்குக்கும் போக முடியாவிட்டால் வருந்தாதீர்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். நீங்கள் போகவிருக்கும் தென்கரையிலேயே, செயின்ட் ஷாட்ஸிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே, உலகத்தின் தலைசிறந்த புதைபடிவத் தளங்களுள் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டவரும் நம் நாட்டிலிருந்து போன ஒரு மாணவர்.

முதலில் தீவு உருவான விதத்தைச் சொல்கிறேன். "வந்து இறங்கியவர்களின் பட்டியல்" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, அந்தப் பாறைகளே வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து சேர்ந்தவைதாமே என்று எனக்குத் தோன்றியது. மேற்கு நியூஃபவுண்ட்லாந்து பழைய வட அமெரிக்கக் கண்டத்தின் விளிம்பு. கிழக்கே, நண்பர் வசிக்கும் அவலான் தீபகற்பம், கோண்டுவானா என்ற தென்கண்டத்தின் ஓரத்திலிருந்து பிரிந்து வந்த துண்டு. நம் தென்னிந்தியாவும் அதே கோண்டுவானாவில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஐயாபிடஸ் என்ற பெருங்கடல் இருந்தது. அந்தக் கடல் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு, நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இரு கரைகளும் மோதிக்கொண்டன. கடலடித்தரையும் எரிமலைத் தீவுகளும் நசுங்கித் தீவின் நடுப்பகுதியாயின. பின்னர் அட்லாண்டிக் திறந்தபோது பிளவு வேறொரு கோட்டில், இன்னும் கிழக்கே, விழுந்துவிட்டது. ஆகவே அவலான் வட அமெரிக்காவோடு ஒட்டியபடியே தங்கிவிட்டது. அதன் உறவுப் பாறைகளை இன்று வேல்ஸிலும் இங்கிலாந்திலும் காணலாம். ஒரு கடல் மூடி, வேறிடத்தில் மறுபடி திறந்திருக்கலாமா என்ற கேள்வியைக் கனடியப் புவியியலாளர் டூசோ வில்சன் 1966இல் எழுப்பினார். அதற்கான விடையைக் கால்நடையாகவே நடந்து பார்க்கக்கூடிய இடம் இந்தத் தீவு.

மேற்கே குரோ மோர்ன் தேசியப் பூங்காவில் டேபிள்லாண்ட்ஸ் என்று ஒரு மேட்டுநிலம் உண்டு. 1987இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த பகுதி அது. சுற்றிலும் பச்சைக் காடு இருக்க, இந்த மேடு மட்டும் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் மொட்டையாக நிற்கும். பூமியின் மேலோட்டுக்கு அடியிலிருக்க வேண்டிய மூடகப் பாறை, அந்தப் பழைய மோதலில் மேலே தள்ளப்பட்டுக் கிடக்கிறது. பெரிடோடைட் என்று பெயர். உடைத்தால் உள்ளே கரும்பச்சை, காற்றுப்பட்ட தோல் மட்டும் செம்பழுப்பு. செடிக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து அதில் மிகக் குறைவு, நிக்கல் போன்ற உலோகங்களோ மிகுதி. ஆகவே ஏறக்குறைய எதுவும் வளர்வதில்லை.

இனி உங்கள் கரைக்கு வருகிறேன். 1967ஆம் ஆண்டு, மெமோரியல் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்த சிவ பாலக் மிஸ்ரா என்ற உத்தரப் பிரதேசத்து மாணவர், அவலானின் தென்கிழக்கு முனையில் பாறை வரைபடம் தயாரிக்கும் பணியில் இருந்தார். மிஸ்டேக்கன் பாயின்ட் என்ற முனையில், அலை கழுவிய சாய்தளப் பாறையின் மேற்பரப்பு முழுவதும் இலை போலவும் இறகு போலவும் கதிர் போலவும் உருவங்கள் அச்சிட்டிருந்ததை அவர் கண்டார். எடியாகாரன் காலத்து உயிரினங்கள் அவை. ஏறக்குறைய 58 முதல் 56 கோடி ஆண்டுகள் வரையிலான பழமை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே உலகை ஆண்டுகொண்டிருந்த நெடுங்காலத்துக்குப் பிறகு, கையளவும் முழ அளவுமாக வளர்ந்த முதல் சிக்கலான உயிர்கள். அவை வாழ்ந்தது வெளிச்சமே எட்டாத ஆழ்கடல் தரையில். ஆகவே தாவரமாக இருக்க வழியில்லை. எரிமலைச் சாம்பல் வந்து மூடியதால், வாழ்ந்த இடத்திலேயே, நின்ற நிலையிலேயே பதிந்துபோயின. அந்தச் சாம்பலைக்கொண்டே அதன் வயதையும் அளக்க முடிந்தது. 2016இல் யுனெஸ்கோ அதை உலக மரபிடமாக ஏற்றது. அங்கு மிகுதியாகக் காணப்படும் ஓர் உயிருக்கு மிஸ்ராவின் பெயரைச் சேர்த்து ஃபிராக்டோஃபியூசஸ் மிஸ்ரை என்று 2007இல் பெயரிட்டார்கள். மிஸ்ரா பின்னர் நாடு திரும்பி, தம் ஊர்ப்பக்கத்தில் கிராமப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார். அவரைப் பற்றி நம் பாடநூல்களில் ஒரு பத்தியாவது வர வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

அங்கே தனியாகப் போக அனுமதியில்லை. போர்ச்சுகல் கோவ் சவுத் என்ற ஊரிலுள்ள மையத்திலிருந்து வழிகாட்டியோடுதான் அழைத்துப் போவார்கள். முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பாறையின்மேல் ஏறுமுன் காலணியைக் கழற்றிவிட்டுத் துணிக் காலுறை அணியச் சொல்வார்கள். சூரியன் சாய்ந்து ஒளி பக்கவாட்டில் விழும்போதுதான் உருவங்கள் பாறையிலிருந்து எழுந்து தெரியும். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாமல் திரும்பியவர்களும் உண்டு.

வல்லிபுரத்தான் எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. நேற்றிரவு இதை மாமாவுக்கு முழுமையாக வாசித்துக் காட்டினேன். மிஸ்ராவின் பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். "மிஸ்டேக்கன் பாயின்ட்" என்ற பெயர் ஏன் வந்தது என்று கேட்கிறார்.

அவலான்வாசி எழுதியது:

பனிமூட்டத்தால் வந்த பெயர். கப்பலோட்டிகள் இந்த முனையைப் பார்த்துவிட்டு இதுதான் கேப் ரேஸ் என்று தவறாக எண்ணித் திரும்பிப் பாறையில் மோதினார்கள். உண்மையான கேப் ரேஸ் அங்கிருந்து சற்றுத் தள்ளியிருக்கிறது. 1856 முதல் அங்கே கலங்கரை விளக்கம் உண்டு. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலின் ஆபத்துச் செய்தி எட்டிய கரை நிலையமும் அதுவே. செயின்ட் ஷாட்ஸைச் சுற்றியும் மூழ்கிய கப்பல்கள் எண்ணிறந்தவை. அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, கடலில் தத்தளிப்பவனைக் கண்டால் முதலில் கரையேற்ற வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். 1986இல் அவர்கள் யாரென்று கேட்டு முடிவெடுக்க வேண்டிய தேவை மீனவர்களுக்கு இருக்கவில்லை. கேள்விகள் எல்லாம் பின்னர் எழுந்தவை. அவர்களை ஏற்றிவந்த கப்பல் மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது தெரியவந்ததும் நாடெங்கும் கடும் வாதம் நடந்தது. ஆனாலும் தங்க அனுமதி மறுக்கப்படவில்லை.

தாழை (மதுரை) எழுதியது:

இழையின் தலைப்பைப் பற்றியே ஒன்று சொல்ல விரும்புகிறேன். வந்து இறங்கியவர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் வரலாற்றில், அங்கே ஏற்கெனவே இருந்தவர்களுக்கு இடமில்லாமல் போகிறது. வல்லிபுரத்தார் எழுதிய பட்டியலிலும் அவர்கள் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. பெரும்பாலான சுற்றுலாக் கையேடுகளும் அப்படித்தான் எழுதுகின்றன.

1967இல் மிஸ்ரா தென்கரையில் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில், வடமேற்குக் கரையிலுள்ள போர் ஓ ஷ்வா என்ற ஊரில் ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. தொல்லியலாளர் ஜேம்ஸ் டக் தலைமையில் தோண்டிப் பார்த்தபோது, நூறுக்கும் மேற்பட்டவர்களின் உடல்கள் செங்காவி பூசிப் புதைக்கப்பட்டிருந்தன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கடலோர மக்கள் அவர்கள்.

வைக்கிங்குகளின் லான்ஸ் ஓ மெடோஸ் உண்மையிலேயே பெரிய கண்டுபிடிப்பு. அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். நார்வேயைச் சேர்ந்த ஹெல்கே இங்ஸ்டாட் 1960இல் அங்கே போய்க் கேட்டபோது, ஜார்ஜ் டெக்கர் என்ற உள்ளூர் மீனவர்தான் புல்மூடிய மேடுகளைக் காட்டினார். ஊர்க்காரர்கள் அவற்றைப் பழைய பூர்வகுடிகளின் முகாம் என்று எண்ணியிருந்தார்கள். ஹெல்கேயின் மனைவி ஆன் ஸ்டீன் இங்ஸ்டாட் தலைமையில் நடந்த அகழாய்வில் எட்டுக் கட்டடங்களின் தடங்கள், இரும்பு உருக்கிய கசடு, வெண்கல ஊசி, நூல்நூற்கும் தக்ளியின் கல் ஆகியவை கிடைத்தன. 993ஆம் ஆண்டில் சூரியப் புயலொன்று உலகெங்கும் மரங்களின் ஆண்டு வளையங்களில் தடம் பதித்திருந்தது. அங்கே உலோகக் கருவியால் வெட்டப்பட்டுக் கிடந்த மரத்துண்டுகளில் அந்தத் தடத்துக்கு வெளியே பட்டை வரைக்கும் இருபத்தெட்டு வளையங்கள் இருந்தன. ஆகவே வெட்டிய ஆண்டு 1021 என்று 2021இல் உறுதிசெய்தார்கள். எனக்கு இதைவிட வியப்பளிக்கும் காலக்கணிப்பு வேறில்லை. ஆனால் அவர்கள் அங்கே சில காலமே தங்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

போகாமல் அங்கேயே இருந்தவர்கள் பியோதுக் மக்கள். கோடையில் கடற்கரையில் சால்மன், சீல், கடற்பறவை முட்டை ஆகியவற்றைத் தேடுவார்கள். முட்டைக்காகத் திறந்த கடலில் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தோணி வலித்து ஃபங்க் தீவு வரை போனார்கள். குளிர்காலத்தில் உள்நாட்டுக்குப் போய், நீண்ட வேலிகள் கட்டிக் காரிபூ மான்களை மடக்கி வேட்டையாடுவார்கள். உடலிலும் தோணியிலும் கருவிகளிலும் செங்காவி பூசிக்கொண்டார்கள். ஐரோப்பிய மீனவர்கள் கரைகளையும் சால்மன் ஆறுகளையும் பிடித்துக்கொள்ள, பியோதுக் மக்கள் உள்நாட்டிலேயே அடைபட்டு, ஒரே ஓர் உணவை நம்பி வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். பசியும் காசநோயும் துப்பாக்கியும் சேர்ந்து அவர்களைக் குறைத்தன. 1819 மார்ச் மாதத்தில், திருட்டுப்போன பொருட்களை மீட்கப் போன குழுவொன்று, உறைந்த ஏரியின்மேல் டெமஸ்டுயிட் என்ற இளந்தாயைப் பிடித்தது. அவளை மீட்க முயன்ற கணவன் நோனோசபசுட் அங்கேயே கொல்லப்பட்டான். கைக்குழந்தை சில நாட்களில் இறந்தது. அவளும் 1820 ஜனவரியில் காசநோயால் இறந்தாள்.

அவர்களுடைய உறவினளான ஷனாடிதித் 1823இல் பசியால் மெலிந்த நிலையில் தாயோடும் சகோதரியோடும் பிடிபட்டாள். மற்ற இருவரும் விரைவில் இறந்தார்கள். அவள் ஒரு குடியேறியின் வீட்டில் வேலைக்காரியாகச் சில ஆண்டுகள் இருந்தாள். பிறகு செயின்ட் ஜான்ஸ் நகரில், வில்லியம் கார்மக் என்பவர் தந்த தாளிலும் பென்சிலிலும் தன் மக்களின் வாழ்வை வரைந்து காட்டினாள். ஏரிக்கரையில் குடில்கள் எங்கே இருந்தன, எந்தக் குடிலில் எத்தனை பேர், டெமஸ்டுயிட்டைப் பிடித்த நாளில் யார் எங்கே நின்றார்கள் என்பதையெல்லாம் வரைபடமாகவே போட்டாள். தன் மக்களைச் சிவப்பிலும் வெள்ளையரைக் கருப்பிலும் வரைந்தாள். 1829 ஜூன் 6ஆம் நாள் அவளும் காசநோயால் இறந்தாள். நோனோசபசுட், டெமஸ்டுயிட் இருவரின் மண்டையோடுகளும் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, ஓர் அருங்காட்சியகத்தில் கிடந்து, மிக்மா என்ற மற்றொரு பூர்வகுடி மக்களின் தலைவர் மீசெல் ஜோ நெடுநாள் வற்புறுத்தியபின் 2020இல்தான் திரும்பி வந்தன.

ஷனாடிதித்தோடு அந்த இனமே அற்றுப்போனது என்று எழுதுவது வழக்கம். மிக்மா மக்கள் இதை ஏற்பதில்லை. தங்களோடு கலந்துபோனவர்களும் உண்டு என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. 1910இல் சாண்டு என்ற முதியவள், தன் தந்தை பியோதுக் என்று சொல்லி, அவர் கற்பித்த பாட்டொன்றைப் பாடியது ஒலிப்பதிவாகவே இருக்கிறது. மாமாவோடு செயின்ட் ஜான்ஸில் ஒருநாள் இருப்பீர்களானால், தயவுசெய்து இந்த வரலாற்றைத் தேடிப் பாருங்கள்.

நெய்தல்நிலத்தான் (தூத்துக்குடி) எழுதியது:

தாழை அவர்கள் சொன்னது முழுவதும் உண்மை. ஆனால் 1497இல் காபட் பொனவிஸ்டாவில் இறங்கிய நாளிலிருந்தே வெள்ளையர் அங்கே ஊர் ஊராகக் குடியேறிவிட்டார்கள் என்று வாசிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. நான் மீன்பிடிக் குடும்பத்துக்காரன். அந்தத் தீவின் மீன் வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். நூற்றாண்டுக் கணக்கில் அது ஊராக இருக்கவில்லை, வாடியாகத்தான் இருந்தது. இங்கிலாந்தின் டெவன், டார்செட் கரைகளிலிருந்து வசந்தத்தில் கப்பல்கள் புறப்பட்டு வரும். கரையில் குடிசையும் பரணும் போட்டு, கோடை முழுவதும் மீன்பிடித்து உணக்கி, இலையுதிர் காலத்தில் திரும்பிப்போகும். ஒரு துறைக்கு அந்த ஆண்டு முதலில் வந்து சேரும் கப்பலின் தலைவனே, அந்தப் பருவம் முழுவதற்கும் அந்தத் துறையின் "மீன்பிடி அட்மிரல்". வழக்குத் தீர்ப்பவனும் அவனே.

இன்றைக்கும் அந்தத் தீவில் மீன் என்று சொன்னால் காட் மீனைத்தான் குறிக்கும். மற்றதையெல்லாம் பெயர் சொல்லித்தான் குறிப்பிட வேண்டும். காட் மீனை உணக்கும் முறையைப் படித்தபோது எங்கள் பாட்டியின் கை கண்முன் வந்தது. கடலுக்குள் கால்நாட்டிய மேடையில் ஒருவர் தொண்டையை அறுப்பார். அடுத்தவர் தலையைத் திருகி எடுத்துக் குடலை நீக்குவார், ஈரல் மட்டும் எண்ணெய்க்காகத் தனிப் பீப்பாயில் விழும். மூன்றாமவர் ஒரே இழுப்பில் முதுகெலும்பைப் பிரித்து மீனை இரு சிறகாக விரிப்பார். நான்காமவர் உப்பிடுவார். உப்பு கூடினால் மீன் எரிந்துபோகும், குறைந்தால் அழுகும். பின்னர் கழுவி, கழிகள் பரப்பிய பரணில் வெயிலுக்குக் காயவைப்பார்கள். மழை வருமென்று தோன்றினால் பெண்களும் பிள்ளைகளும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி, தோல்பக்கம் மேலாகத் திருப்புவார்கள். கருவாடு போட்ட எவருக்கும் இது புரியும்.

பருவத்தின் முடிவில் தரம்பிரிப்பவர் வருவார். நல்ல தரம் தென் ஐரோப்பாவுக்குப் போகும். கடைசித் தரத்துக்கு "வெஸ்ட் இண்டியா" என்றே பெயர். கரிபியக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களுக்கு உணவாக விற்கப்பட்டது அது. மீனவன் கையில் பணம் வருவதே இல்லை. வசந்தத்தில் வலையும் மாவும் வெல்லப்பாகும் கடனாகத் தருபவர் வணிகர். இலையுதிர் காலத்தில் மீனை எடுத்துக்கொண்டு அதற்கு விலை வைப்பவரும் அதே வணிகர். கணக்கு ஒருபோதும் தீராது. 1908இல் வில்லியம் கோக்கர் மீனவர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியது இதை எதிர்த்துத்தான்.

பிறகு வந்ததுதான் பேரிழப்பு. 1950களிலிருந்து பல நாடுகளின் தொழிற்சாலைக் கப்பல்கள் வந்து, காட் மீன் முட்டையிடக் கூடும் இடங்களையே அரித்தெடுத்தன. 1968இல் மட்டும் வடபகுதிக் காட் மீன் எட்டு லட்சம் டன்னுக்கும் மேல் பிடிபட்டது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை வகுத்து வெளிநாட்டுக் கப்பல்களை விலக்கியது, ஆனால் தன்னுடைய இழுவலைக் கப்பல்களைப் பெருக்கிக்கொண்டது. கரையோர மீனவர்கள், மீன் சிறுத்துவிட்டது, எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதிகாரிகள் கப்பல்களின் பிடிப்பளவை நம்பிக் கணக்கிட்டார்கள். இருக்கிற மீன் ஓரிடத்தில் கூடும்போது அங்கேயே போய்ப் பிடித்தால், கடல் காலியாகும்வரை பிடிப்பளவு நன்றாகத்தான் தெரியும். 1992 ஜூலை 2ஆம் நாள் அரசு மீன்பிடிப்பை நிறுத்தியது. ஏறக்குறைய 30,000 பேர் ஒரே நாளில் தொழில் இழந்தார்கள். 2024இல்தான் வணிக மீன்பிடிப்பு மறுபடி, மிகச் சிறிய அளவில், திறக்கப்பட்டது. கடலோரத்தில் பிறந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வரலாற்றை நம் கரைகளில் ஒவ்வொரு மீனவக் கிராமத்திலும் சொல்ல வேண்டும்.

தாழை எழுதியது:

ஒரே ஒரு திருத்தம். காபட் இறங்கிய இடம் பொனவிஸ்டா என்பது அந்த ஊரின் மரபு. கேப் பிரெட்டன் தீவும் அதே உரிமையைக் கோருகிறது. இடத்தை உறுதியாகச் சொல்லச் சான்றில்லை. காட் மீனைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. கரையை யார் பிடித்துக்கொண்டார்கள், ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இப்போது இன்னும் தெளிவாகப் புரிகிறது. மீன் உணக்கக் கரை வேண்டும். பியோதுக் மக்களுக்கும் கோடையில் அதே கரைதான் வேண்டும்.

அவலான்வாசி எழுதியது:

நெய்தல்நிலத்தான் ஐயா, 1992க்கு முன்பே இங்கே மக்கள் வெளியேறத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1949 மார்ச் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்புதான் நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு இணைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் இணைப்புக்குக் கிடைத்தது 52.3 விழுக்காடு மட்டுமே. முதல் உலகப்போரில் வாங்கிய கடனும் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து, 1934இலேயே தன்னாட்சியை இழந்த நாடு இது. போரின் இழப்பு கடனோடும் நிற்கவில்லை. 1916 ஜூலை 1ஆம் நாள் பிரான்சின் போமோன் ஆமெல் என்ற இடத்தில் இந்தத் தீவின் படைப்பிரிவு ஏறக்குறைய 800 பேரோடு முன்னேறியது. மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். கனடா முழுவதும் ஜூலை முதல் நாளைக் கொண்டாடும்போது, இங்கே காலையில் துக்கம் காப்பார்கள். நீங்கள் அந்த நாளில் வந்தால் போர் நினைவிடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

இணைந்தபின் ஜோயி ஸ்மால்வுட் அரசு, சாலையும் மின்சாரமும் மருத்துவரும் இல்லாத கரையோர ஊர்களைக் காலிசெய்து பெரிய ஊர்களில் குடியமர்த்தும் திட்டத்தை 1954இல் தொடங்கியது. 1975 வரை ஏறக்குறைய 300 ஊர்கள், 30,000 மக்கள். முதலில் ஊர் முழுவதும் ஒப்ப வேண்டும் என்று விதி இருந்தது. பிறகு அது 90 விழுக்காடாகவும் 80 ஆகவும் குறைந்தது. அண்டை வீட்டுக்காரர்களுக்குள் மூண்ட பகை இன்றும் சில குடும்பங்களில் ஆறவில்லை. மரவீடுகளைக் கரைக்கு இழுத்து, காலிப் பீப்பாய்களைச் சுற்றிக் கட்டி மிதக்கவிட்டு, மீன்பிடிப் படகுகளால் விரிகுடாவைக் கடந்து இழுத்துப் போனார்கள். என் பக்கத்து வீட்டு மூதாட்டி பத்து வயதில் அப்படி வந்தவர். வீடு தண்ணீரில் போகும்போது தன் தாய் படகில் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார் என்றும், வழி முழுவதும் ஒரு சொல்லும் பேசவில்லை என்றும் என்னிடம் சொன்னார். அவர்கள் விட்டுவந்த ஊரில் இப்போது கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. ஆண்டுதோறும் கோடையில் படகில் போய் வேலியைப் பழுதுபார்த்து வெள்ளையடித்துவிட்டு வருகிறார்கள்.

பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் வழி பிறந்தது என்று அந்தத் திட்டத்தை ஏற்பவர்களும் உண்டு. அந்த மூதாட்டியேகூட இரண்டையும் சொல்வார்.

கருங்கல் எழுதியது:

அந்தக் கரையோர ஊர்கள் எவ்வளவு தனித்திருந்தன என்பதற்கு ஒன்று. 1929 நவம்பர் 18ஆம் நாள் கிராண்ட் பேங்க்ஸ் அருகே 7.2 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் தென்கரையின் பியூரின் தீபகற்பத்தைச் சுனாமி தாக்கியது. 28 பேர் இறந்தார்கள். தந்திக்கம்பி முன்பே புயலில் அறுந்திருந்ததால், வழக்கமான கப்பல் மூன்றாம் நாள் வந்து பார்க்கும்வரை வெளியுலகுக்குச் செய்தியே தெரியாது. வீடுகள் அடித்தளத்திலிருந்து பெயர்ந்து கடலுக்குள் போயிருந்தன. கடலடியில் அட்லாண்டிக்கைக் கடந்த தந்திவடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்த நேரங்களை வைத்து, ஆழ்கடலில் சேற்றுவெள்ளம் எத்தனை வேகத்தில் ஓடும் என்பதை 1952இல் கணக்கிட்டார்கள். 2004க்குப் பிறகு என் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நான் ஒருபோதும் விட்டதில்லை.

வல்லிபுரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வடமுனைப் பயணத்தைக் கைவிட்டுவிட்டோம். ஒன்பது நாட்களும் அவலான் கரையிலேயே இருக்கப்போகிறோம். மிஸ்டேக்கன் பாயின்ட்டுக்கு மாலை நேரத்தில் மூன்று பேருக்குப் பதிவு செய்தாயிற்று. மூன்று கிலோமீட்டர் நடை மாமாவின் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். நடப்பேன் என்கிறார். போர் நினைவிடத்துக்கு முதல் நாளே போவோம். ஷனாடிதித் வரைந்த படங்களைப் பற்றிக் கேட்டபின், அவற்றை எங்கே பார்க்கலாம் என்று மாமா இருமுறை விசாரித்துவிட்டார்.

நேற்று அவர் இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் பனிக்குள்ளிருந்து முதலில் கேட்டது இயந்திர ஓசையாம். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியாமல், படகில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக் கத்தினார்களாம். "நான் பார்த்துக் கத்திய பக்கம் கடல்தான் இருந்தது, கரை என் முதுகுக்குப் பின்னால்" என்றார். ஜூலையில் எந்தப் பக்கம் கரை என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு போகப்போகிறாராம். செயின்ட் ஷாட்ஸில் வண்டியை எங்கே நிறுத்தலாம், கரைவரை முதியவர் ஒருவர் இறங்கிப்போக வழி உண்டா என்பதை மட்டும் அவலான்வாசி தம்பி எழுதினால் உதவியாக இருக்கும்.

அவலான்வாசி எழுதியது:

அண்ணா, நான் உங்களோடு வருகிறேன். செயின்ட் ஜான்ஸிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். ஜூலையிலும் அந்த முனையில் குளிரும். பனி இறங்கியிருந்தால் மதியம்வரை காத்திருப்போம். கேப்லின் மீன்கள் முட்டையிடக் கரையேறும் நாளாக அமைந்தால், ஊர்க்காரர்கள் வாளியும் வலையுமாகக் கடற்கரையில் நிற்பார்கள். அலை ஒவ்வொன்றும் கூழாங்கல்லின்மேல் உயிரோடு மீனைக் கொட்டிவிட்டுப் போகும். யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம். மாமாவுக்கென்று ஒரு வாளி கொண்டுவருகிறேன்.